ஓரமாக நகர்ந்து படுத்தவள்

இது நடந்தது. கதை கட்டுவதற்கு ஜெர்லினுக்கு நேரமும் கிடையாது, அந்தச் சாமர்த்தியமும் கிடையாது. மூன்று பேரிடம்தான் இதைச் சொன்னாள். ஒருவர் சிரித்தார். ஒருவர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒருத்திக்கு முகம் வெளுத்தது. அதோடு அவள் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப் பூ வாசனை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது பட்டப்பகலில் நடந்தது. மே மாதம், கத்திரி வெயில், வியாழக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில். உச்சி உருமத்தில் தனியாக இருக்காதே என்று பெரியவர்கள் சொன்னால் நாம் எங்கே கேட்கிறோம்? புதுச்சேரியில் அந்த நேரத்துக்குக் கடைக்காரர்கள்கூட ஷட்டரை இழுத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். ஊரே தூங்கும். தூங்கக் கொடுத்து வைக்காத ஜென்மங்கள் பயிற்சி டாக்டர்கள் மட்டும்தான்.

ஜெர்லின் எம்.டி. முதல் வருஷம், பொது மருத்துவம். ஊருக்கு வெளியே ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. பெயர் வேண்டாம், எங்கே போனாலும் இதே கூத்துதான். முதல் வருஷம் என்றால் ஏதோ பெரிய டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். ரத்தம் எடுப்பது அவள், அதை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவள், ரிப்போர்ட் வரவில்லை என்றால் திட்டு வாங்குவதும் அவள். புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உள்ளே போனவள் வியாழக்கிழமை பதினொன்றரைக்குத்தான் வெளியே வந்தாள். குளிக்கவில்லை. பல் துலக்கவில்லை. சாப்பாடு என்று கிடைத்தது ஒரு சீனியர் மிச்சம் வைத்த பரோட்டா. அதில் அவர் பல் பட்ட தடம் இருந்தது. தின்றாள். வெள்ளைக் கோட்டின் கையில் யாரோ எடுத்த வாந்தி காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. காலுறையைக் கழற்றினால் அவளுக்கே குமட்டும். இந்தக் கோலத்தில் நின்றுகொண்டு நோயாளிகளிடம், "நல்லாத் தூங்குங்க, வேளா வேளைக்குச் சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

அன்றைக்கு அவள் தூங்கியே ஆக வேண்டும். காரணம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, காலில் சர்க்கரைப் புண்ணோடு பதினோராம் கட்டிலில் இருக்கிற அம்மாவாசை என்கிற மீன்பிடிக்காரருக்கு நாலு யூனிட் இன்சுலின் எழுத வேண்டிய இடத்தில் நாற்பது என்று எழுதிவிட்டாள். எழுதும்போது கண் திறந்துதான் இருந்தது. மூளைதான் தூங்கிக்கொண்டிருந்தது. ஊசியில் மருந்தை ஏற்றிய பிறகு சிஸ்டர் ஞானமேரிக்கு என்னவோ தோன்றி, சீட்டை இன்னொரு முறை பார்த்தார். அதனால் அந்த மனிதர் பிழைத்தார். யூனிட் தலைவர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இன்னொரு தடவ இப்டி எழுதுன, பெட்டியக் கட்டிக்கினு போய்டு." பெட்டி கிடக்கட்டும். அம்மாவாசை மறுநாள் காலை அவளைப் பார்த்து, "சாப்ட்டியா தாயி?" என்று கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஜெர்லினுக்கு மறுபடியும் ட்யூட்டி. கூட இருந்தவனுக்கு மஞ்சள் காமாலை. அம்மாவாசைக்கு இன்சுலின் எழுத வேண்டியது அவள்தான். நாலு மணி நேரமாவது தூங்காவிட்டால் கை எதை எழுதித் தொலைக்கும் என்று அவளுக்கே தெரியாது.

அவள் தங்கியிருந்தது குருசுக்குப்பத்தில், வெரோனிகா அம்மா வீட்டு மாடியில். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மாடி அறை சீனியர் காலி செய்தால் ஜூனியருக்கு என்று கைமாறி வருகிற அறை. மூன்றாம் வருஷத்து அன்புசெல்விதான் இவர்களுக்கு விட்டுக்கொடுத்தாள். ஒரே கட்டில். ஆள் இரண்டு. ஜெர்லினும், குழந்தைகள் பிரிவில் படிக்கிற நிர்மலாதேவியும். ஒருத்திக்கு ட்யூட்டி இருக்கும்போது இன்னொருத்தி தூங்குவாள். எதற்கு இரண்டு கட்டில்? ஐந்து மாதத்தில் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டது மூன்றே முறைதான்.

ஆனால் நிர்மலாவை ஜெர்லினுக்கு நன்றாகத் தெரியும். அழுக்கை வைத்துத் தெரியும். குளியலறை வடிகாலில் சுருண்டு கிடக்கிற நீளமான முடி. டப்பாவில் பாசி பிடித்த தயிர்சாதம். தலையணையில் மஞ்சள் கறை. எல்லாவற்றையும்விட மோசம் மெத்தை. சுவர்ப் பக்கம் எப்போதும் ஒரு ஈரம். படுத்தால் முதுகில் ஒட்டும். வாரத்தில் இரண்டு சண்டையாவது வாட்ஸ்அப்பில் நடக்கும்.

"ஈரத் துண்டோட படுக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" என்று ஜெர்லின் அனுப்பினால், "அத நான் உன்ன கேக்கணும்" என்று நிர்மலாவிடமிருந்து பதில் வரும்.

கொழுப்பு என்று ஜெர்லின் நினைத்துக்கொண்டாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயிற்சி டாக்டர்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ட்யூட்டி முடிந்து வந்து தூங்குகிறவரை எழுப்பக் கூடாது. வீடு பற்றி எரிந்தால்கூடக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்த் தெருவில் வைப்பார்களே ஒழிய, தோளைத் தொட்டு எழுப்ப மாட்டார்கள். அது அவர்களுக்குள் இருக்கிற ஒரே கருணை.

காலேஜ் பஸ் முத்தியால்பேட்டை மணிக்கூண்டில் அவளை இறக்கிவிட்டபோது மணி 12.10. அங்கிருந்து நடை. தெருவில் ஒரு ஈ, காக்கை இல்லை. கருவாடு காய்கிற வாசனை மட்டும் கூடவே வந்தது. படி ஏறி அறைக்கு வந்தபோது 12.25.

கதவு பூட்டியிருக்கவில்லை. வெறுமனே சாத்தியிருந்தது.

கட்டிலில் ஆள்.

பச்சை நிற ஆஸ்பத்திரித் துணியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கட்டிலின் நடுவில் நீட்டிப் படுத்திருந்தது. ஜெர்லினுக்கு அழுகை வந்தது. பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். இன்றைக்கு நிர்மலாவுக்குப் பகல் ட்யூட்டி. மாற்றிக்கொண்டாள் போல. மாற்றினால் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வாயில் என்ன கொழுக்கட்டையா? எழுப்பிச் சண்டை போடலாம் என்று கை போனது. சட்டம் தடுத்தது. கையை இழுத்துக்கொண்டாள்.

அறையில் ஒரு நாற்றம். கருவாடுதான், ஜன்னல் வழியாக வருகிறது என்று நினைத்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது.

போர்வைக்கு வெளியே இரண்டு பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறியது போல வெளுத்து, சுருங்கிப் போன பாதம். நகம் கருத்திருந்தது. சீ, இந்தக் காலோடா ஒரே மெத்தையில் படுக்கிறோம் என்று உடம்பு கூசியது. பெருவிரலில் ஈ உட்கார்ந்திருந்தது. ஒன்றல்ல, ஆறேழு. பாதம் அசையவில்லை. அசதி அப்படி, பாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றியது. கட்... கட்... கட்...

தரையில் படுக்கலாம் என்று பார்த்தால் பாசி பிடித்த டப்பாவிலிருந்து சுவர்வரைக்கும் எறும்பு வரிசை. மாடித் தரை வேறு அடுப்புக் கல்லாகக் கொதித்தது. நின்ற இடத்திலேயே கண் சொருகியது. "நிர்மலா, கொஞ்சம் தள்ளிப் படேன்" என்று முணுமுணுத்தாள். எழுப்புகிற குரலில் சொல்லவில்லை. தனக்குத்தானே புலம்பியதுதான்.

கட்டில் கிறீச்சிட்டது.

போர்வைக்குள் இருந்தது மெதுவாகச் சுவர்ப் பக்கம் நகர்ந்தது. ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டது.

அப்போது மணி 12.48. செல்லில் ஐந்தரைக்கு அலாரம் வைத்ததால் அது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

நகர்ந்த இடத்தில் மெத்தை சொதசொதவென்று இருந்தது. ஆனாலும் படுத்தாள். முதுகோடு முதுகு. அந்த முதுகு சில்லென்று இருந்தது. இதை யாரிடமும் சொல்ல அவளுக்கு வெட்கம்: அந்தக் கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், அந்தச் சில்லிப்பு அவளுக்குச் சுகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படுத்தாள். அடுத்த நிமிஷம் தூங்கிப் போனாள்.

விழிப்பு வந்தபோது 2.35.

உதட்டில் ஈ. துப்பினாள். சுடிதார் முதுகுப் பக்கம் முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. கரண்ட் இல்லை. கீழ்த் தெருவில் சத்தமே இல்லை. அத்தனை அமைதியில் அவளுக்கு ஒன்று உறைத்தது.

பின்னால் மூச்சுச் சத்தம் இல்லை.

டாக்டர் புத்தி போகுமா? மூச்சை எண்ணினாள். ஒரு நிமிஷம். செல்லைப் பார்த்தே எண்ணினாள். முழு அறுபது வினாடி.

ஒன்றுகூட இல்லை.

"நிர்மலா..."

ஐயோ, எழுப்பியிருக்க வேண்டுமே! இரண்டு மணி நேரமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன், நான் ஒரு டாக்டர், பார்க்கவில்லையே! எழுந்து உட்கார்ந்தாள். போர்வைக்குள் கையை விட்டு மணிக்கட்டைத் தேடினாள். கிடைத்தது. இரண்டு விரலை வைத்து நாடி பார்த்தாள்.

நாடி இல்லை.

விரலை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

தோல் நகர்ந்தது.

வேகவைத்த கிழங்கின் தோல் போல, விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது. அடியில் கொழகொழவென்று ஏதோ இருந்தது. இப்போது செத்த உடம்பு இப்படி இருக்காது. இது நாள்பட்டது.

அந்த நேரம் பார்த்து செல் அடித்தது.

திரையில் நிர்மலா.

இடது கையால் எடுத்தாள். வலது கை இன்னும் அந்த மணிக்கட்டில்தான் இருந்தது.

"ஜெர்லின், தூங்குறியா? சாரிபா. என் சார்ஜர் ரூம்ல கெடக்குதான்னு கொஞ்சம் பாரேன்."

"நீ... எங்க இருக்க?"

"வார்டுலதான். காலைல ஏழு மணிலேர்ந்து. ஏன்?"

ஜெர்லின் திரும்பி அந்தப் பச்சைத் துணியைப் பார்த்தாள்.

"ஏய், என்னாச்சு?"

அவள் கைக்குள் இருந்த கை திரும்பியது.

மெதுவாக.

விரல்கள் ஒவ்வொன்றாக அவள் மணிக்கட்டைச் சுற்றின.

முரட்டுப் பிடி இல்லை. தூக்கத்தில் குழந்தை பிடிக்குமே, அப்படி.

இழுத்தாள்.

வரவில்லை.

இன்னும் பலமாக இழுத்தாள்.

வந்தது. அவள் கை மட்டுமல்ல. ஈரமாக, மெல்லிசாக, உறை போல ஏதோ ஒன்றும் கூடவே உரிந்து வந்தது...

எப்படிப் படி இறங்கினாள் என்று தெரியாது. வெரோனிகா அம்மா வீட்டு வாசலில் வெறுங்காலோடு நின்று வாந்தி எடுத்தாள். கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. நாற்றம் மட்டும் இருந்தது. செல்லில் இன்னும் நிர்மலா கத்திக்கொண்டிருந்தாள். "கட்டில்ல... யாரோ... ஈரம்..." என்று இவள் உளறினாள். நிர்மலா குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அப்போ அந்த ஈரம் நீ இல்லியா?"

வெரோனிகா அம்மா தூக்கம் கலைந்து நைட்டியோடு வந்தார். ஜெர்லின் மாடியைக் காட்டினாள்.

"செவுத்துப் பக்கமா படுத்திருந்தா?" என்று கேட்டார் வெரோனிகா அம்மா.

இவள் இன்னும் எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

இரண்டு பேரும் மேலே போய்ப் பார்த்தார்கள். மணி 2.52. கட்டிலில் யாரும் இல்லை. பச்சைத் துணியும் இல்லை. ஜெர்லின் படுத்த பக்கம் அவள் வேர்வை மட்டும். சுவர்ப் பக்கம் ஓர் ஆள் நீளத்துக்கு ஈரம். வெரோனிகா அம்மா முந்தானை இல்லாத நைட்டியில் மூக்கைப் பொத்த வழியில்லாமல் கையால் பொத்திக்கொண்டார். சிலுவை போட்டுக்கொண்டார். "அன்புசெல்விய கேளும்மா. என் வாயால நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஜெர்லின் அன்று எட்டு மணி ட்யூட்டிக்குப் போனாள். போகாமல் எங்கே போவது? கையை ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போட்டுப் பத்துப் பதினைந்து முறை கழுவினாள். மூக்கருகே கொண்டு போனால் அது இருந்தது. நேராக டாக்டர்கள் ஓய்வறைக்குப் போனாள். அன்புசெல்வி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பதினோராம் பெட் இன்சுலின் நான் எழுத மாட்டேன். நான் ரெண்டு மணி நேரம்கூட ஒழுங்காத் தூங்கல. சார்கிட்ட சொல்றதுன்னா சொல்லிக்கோங்க. நீங்க எழுதுங்க."

முதல் வருஷம் மூன்றாம் வருஷத்திடம் இப்படிப் பேசுவது அந்தக் கல்லூரியில் கேள்விப்படாத விஷயம். அன்புசெல்விக்கு முகம் சிவந்தது. அடுத்ததாக ஜெர்லின் மத்தியானம் நடந்ததைச் சொன்னாள். சிவந்த முகம் வெளுத்தது. அன்புசெல்வி எழுந்து போய், பதினோராம் கட்டில் சீட்டில் நாலு யூனிட் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதிவிட்டு வந்தாள். அம்மாவாசை இரண்டு வாரம் கழித்து இரண்டு காலோடும் நடந்தே வீட்டுக்குப் போனார்.

திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டுதான் அன்புசெல்வி வாயைத் திறந்தாள்.

"அவ பேரு ரஞ்சிதம். சர்ஜரி. வீராம்பட்டினத்து பொண்ணு. பஸ் ஏறுனா அர மணி நேரத்துல வீடு. போறதுக்குத்தான் நேரம் இல்ல."

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அறையில் அன்புசெல்வியும் ரஞ்சிதமும் இருந்திருக்கிறார்கள். அதே ஏற்பாடு, அதே ஒற்றைக் கட்டில். ஒரு புதன்கிழமை மத்தியானம், முப்பத்தாறு மணி நேர ட்யூட்டி முடித்து ரஞ்சிதம் வந்து படுத்தாள். ராத்திரி வந்த அன்புசெல்வி, போர்த்திக்கொண்டு தூங்குகிறாள் பாவம் என்று, எழுப்பாமல் பக்கத்திலேயே படுத்தாள். விடியற்காலை ட்யூட்டிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் திரும்பி வந்தபோதும் ரஞ்சிதம் அப்படியே படுத்திருந்தாள். நடுவில் ட்யூட்டிக்குப் போய்விட்டு வந்திருப்பாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள். மறுபடியும் பக்கத்திலேயே படுத்தாள், சாயங்காலம் எழுந்து ட்யூட்டிக்குப் போனாள். அறையில் நாற்றம் இருந்தது. குப்பத்துக் கருவாடு என்று விட்டுவிட்டாள். சர்ஜரி பிரிவிலோ ரஞ்சிதத்துக்கு இரண்டு முறை போன் அடித்துப் பார்த்துவிட்டு, ஆப்சென்ட் போட்டுவிட்டார்கள். ஆள் எங்கே என்று தேட ஒருவருக்கும் தோன்றவில்லை. தூ! மனிதர்களா இவர்கள்?

சனிக்கிழமை காலை அவள் திரும்பியதும் வெரோனிகா அம்மா வந்து கதவைத் தட்டி, "இது கருவாடு இல்லம்மா" என்று சொன்ன பிறகுதான் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள்.

"நானும் டாக்டர்தான" என்றாள் அன்புசெல்வி. "ரெண்டு வாட்டி பக்கத்துல படுத்துட்டு எழுந்து போயிருக்கேன். ஒருவாட்டிகூட தொட்டுப் பாக்கல."

"எங்ககிட்ட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா நம்புவீங்களா?"

தூக்கத்தில் இதயம் நின்றுவிட்டது என்று பிரேதப் பரிசோதனையில் எழுதினார்கள். இறந்தது புதன்கிழமை சாயங்காலம் நாலு மணி வாக்கில். அதில் சந்தேகமே இல்லை என்றார்கள். செல்போன் ரஞ்சிதத்தின் கையில் இருந்தது. விரலை விரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"இது மட்டும்னா நான் மறந்திருப்பேன்" என்றாள் அன்புசெல்வி.

அவள் சொன்னது இதுதான். பயிற்சி டாக்டர்களின் நலனைக் கவனிக்கிறோம் என்று அந்தக் கல்லூரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செல்லுக்கு ஒரு படிவம் அனுப்பும். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மனசு எப்படி இருக்கிறது, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்கும். எல்லோரும் ஏழு மணி நேரம், நன்றாக இருக்கிறேன், வேண்டாம் என்று தட்டிவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை ரஞ்சிதத்தின் செல்லிலிருந்தும் படிவம் போயிருக்கிறது. மத்தியானம் 2.40க்கு. செத்து இரண்டு நாள் ஆகப்போகிற நேரம். அன்புசெல்வி அப்போது அந்தக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூங்கிய நேரம் என்கிற இடம் காலியாக இருந்தது. உதவி என்கிற இடத்தில் ஒரே ஒரு வரி.

"பக்கத்துல படுத்திருக்கிறவகிட்ட என்னை எழுப்பச் சொல்லுங்க."

அலுவலகத்தில் அந்தப் படிவத்தைத் திறந்து பார்த்தது ஒன்பது நாள் கழித்துத்தான்.